வலையை எடுப்பதா, டால்பினை இழப்பதா?



2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கம்போடியாவும் லாவோசும் சந்திக்கும் எல்லைக்கு அருகே மேகோங் ஆற்றங்கரையில் ஓர் ஆண் டால்பினின் உடல் ஒதுங்கியது. அதற்கு வயது ஏறக்குறைய 25. எடை 110 கிலோ. நோயோ முதுமையோ அதைக் கொல்லவில்லை. மீன்வலையில் சிக்கி அது உயிரை விட்டிருந்தது.

ஒரு டால்பின் செத்ததற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் அந்த எல்லைப் பகுதியின் ஆழ்மடுவில் எஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். 1993ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது அதே மடுவில் 17 டால்பின்கள் இருந்தன. ஒவ்வொன்றாகக் குறைந்து, 2021ல் ஒன்றே ஒன்று எஞ்சியது. 2022ல் அதுவும் போனது. அன்றோடு லாவோஸ் நாட்டில் ஆற்று டால்பின் என்ற பேச்சே முடிந்துவிட்டது.

ஆற்று டால்பின்களைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் இந்த அரங்கத்தின் கேள்வி. முடியும் என்பதற்கு ஓர் ஆறு சாட்சி. தாமதித்தால் முடியாது என்பதற்கு இன்னோர் ஆறு சாட்சி. இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் மூன்றாவது ஆறு ஒன்று நிற்கிறது. அந்த மூன்று ஆறுகளின் கதையைக் கேட்டால் விடை தானாகவே தெரிந்துவிடும்.

ஆற்றிலும் டால்பின் உண்டா?

டால்பின் என்றதும் பலருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். தமிழகக் கடலோர மக்கள் ஓங்கில் என்று அழைப்பதும் கடல் டால்பினைத்தான். ஆனால் உப்பே இல்லாத நன்னீரில் பிறந்து, நன்னீரிலேயே வாழ்ந்து மடியும் டால்பின்களும் உள்ளன. கங்கையிலும் சிந்துவிலும் ஏறக்குறைய பார்வையே இல்லாத டால்பின்கள் வாழ்கின்றன. தென்னமெரிக்காவின் அமேசானில் இளஞ்சிவப்பு நிற டால்பின்கள் நீந்துகின்றன. சீனாவின் யாங்சி ஆற்றில் பைஜி எனும் வெண்ணிற டால்பின் இருந்தது.

தென்கிழக்காசியாவுக்கு உரியது ஐராவதி டால்பின். அலகு நீளாமல், உருண்டையான தலையோடு சிரித்த முகம் போலத் தோற்றமளிக்கும். பெயர் மியன்மாரின் ஐராவதி ஆற்றிலிருந்து வந்தது. ஆனால் இந்த இனம் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது இந்தியாவின் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் 1852ல் கிடைத்த ஓர் உடலிலிருந்து என்பது குறிப்பிடத்தக்கது. இது கடலோரத்திலும் கழிமுகத்திலும் வாழும். மியன்மாரின் ஐராவதி, இந்தோனேசியக் கலிமந்தானின் மகாகம், மேகோங் ஆகிய மூன்று ஆறுகளில் மட்டும் கடலை விட்டு உள்ளே போய் நிரந்தரமாகத் தங்கிவிட்ட கூட்டங்கள் உள்ளன. கலிமந்தான் மக்கள் இதைப் 'பெசுட்' என்கிறார்கள். கம்போடியர்கள் 'ப்சோட்' என்கிறார்கள். சரவாக்கில் 'எம்பெசுட்' என்று பெயர்.

டால்பின் மீன் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. மனிதரைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

ஆறுகளில் மீனவர்கள் அதிகம் பயன்படுத்துவது செவுள் வலை. நைலான் நூலில் பின்னிய இந்த வலையைத் தண்ணீரில் திரை போலத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மீன் தலையை நுழைக்கும். செவுள் மாட்டிக்கொள்ளும். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். விலை மலிவு, உழைப்பும் குறைவு. அதே வலையில் டால்பினின் வாலோ துடுப்போ சுற்றிக்கொண்டால் மேலே வர முடியாது. தண்ணீரிலேயே வாழும் பிராணி, தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகிறது. பெண் டால்பின் ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட இனத்தில் ஆண்டுக்கு நான்கைந்து வலையில் போனாலும் ஈடுகட்ட முடிவதில்லை.

யாங்சி: தாமதத்தின் விலை

முதல் சாட்சி யாங்சி ஆறு. பைஜி டால்பின் அங்கு வாழ்ந்தது பல்லாயிரம் ஆண்டுகளாக. அதன் அழிவு ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நடந்து முடிந்தது. ஆற்றின் அடியில் வரிசையாகக் கூர்முனைத் தூண்டில்களைப் போட்டு மீன் பிடித்தார்கள். மின்சாரம் பாய்ச்சிப் பிடித்தார்கள். கப்பல் போக்குவரத்து பெருகியது. ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் அந்தப் பிராணிக்குக் கப்பல் இரைச்சலில் வழி தெரியாமல் போனது.

சீனர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1980களிலேயே பைஜிக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. 1980ல் காயத்தோடு பிடிபட்ட 'சீசீ' எனும் ஆண் டால்பினை ஊஹான் நகர ஆய்வுக்கூடத்தில் 22 ஆண்டுகள் வளர்த்தார்கள். 2002ல் அது துணையின்றியே இறந்தது. ஆற்றிலிருந்து விலகிய ஒரு வளைவு ஏரிக்குப் பைஜிகளைக் கொண்டுபோய்ப் பெருக்கலாம் என்ற நல்ல திட்டமும் இருந்தது. ஆனால் அந்த ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது ஒரே ஒரு பெண் டால்பினை. 1996ல் அதுவும் இறந்துவிட்டது.

1997ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 13 பைஜிகள் மட்டுமே கண்ணில் பட்டன. 2006 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பல நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு கப்பல்களில் ஆறு வாரம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தேடினார்கள். தொலைநோக்கியால் பார்த்தார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கியை வைத்துக் கேட்டார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மனிதரின் செயலால் உலகம் இழந்த முதல் டால்பின் இனம் பைஜி என்று ஆய்வாளர்கள் 2007ல் எழுதினார்கள்.

ஆய்வுக்கூடம் இருந்தது, சட்டம் இருந்தது, திட்டம் இருந்தது. ஆற்றிலிருந்து தூண்டிலையும் வலையையும் எடுக்க மட்டும் யாரும் துணியவில்லை. மருந்துச் சீட்டு எழுதி வைத்துவிட்டு மருந்து கொடுக்க மறந்த கதைதான் அது.

இழப்பிலிருந்து சீனா ஒரு பாடம் கற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே யாங்சியில் டால்பினுக்கு நெருங்கிய உறவான, முதுகுத் துடுப்பில்லாத இன்னொரு நன்னீர்ப் பிராணி உண்டு. சீனர்கள் அதை 'ஜியாங்துன்' என்பார்கள். 2012ல் 1,045 ஆக இருந்த அதன் எண்ணிக்கை 2017ல் 1,012க்கு இறங்கியது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து யாங்சியில் மீன் பிடிக்கவே பத்தாண்டுகளுக்குத் தடை விதித்தது அரசாங்கம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் படகை விட்டு வேறு தொழிலுக்கு மாற்றப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் ஜியாங்துன் 1,249 ஆக உயர்ந்திருந்தது. பைஜிக்குக் கிடைக்காத வாய்ப்பு அதன் உறவுக்குக் கிடைத்தது.

சிந்து: காலத்தில் செய்த உதவி

இரண்டாவது சாட்சி பாகிஸ்தானின் சிந்து நதி. அங்குள்ள டால்பினின் கண்ணில் வில்லையே கிடையாது. வெளிச்சம் இருக்கிறதா, இருட்டா என்று மட்டும் உணரும். கலங்கிய நீரில் பக்கவாட்டில் சாய்ந்து நீந்தி, ஒலியாலேயே இரை தேடும்.

பாசனத்துக்காகச் சிந்துவின் குறுக்கே அடுத்தடுத்து அணைக்கட்டுகள் வந்தபோது ஆறு துண்டு துண்டானது. டால்பின் கூட்டங்களும் பிரிந்தன. பல துண்டுகளில் அவை அடியோடு மறைந்தன. ஒரு காலத்தில் வாழ்ந்த பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே இன்று அவற்றுக்கு மிச்சம். 1970களின் தொடக்கத்தில் சிந்து மாநிலத்தில் ஆராய்ந்தபோது சுமார் 150 டால்பின்களே இருப்பதாகத் தெரிந்தது.

அப்போது நடந்ததுதான் முக்கியம். ஆராய்ந்துகொண்டே காலத்தைக் கடத்தாமல் டால்பின் வேட்டைக்கு உடனே தடை போட்டார்கள். 1974ல் குட்டு, சக்கர் ஆகிய இரண்டு அணைகளுக்கு இடைப்பட்ட ஆற்றுப் பகுதி டால்பின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் சிந்து நதி முழுவதுமாக எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. 2017ல் 1,800ஐத் தாண்டியது.

அதற்கு அங்குள்ளவர்களின் உழைப்பும் காரணம். சக்கர் அணையிலிருந்து பிரியும் பாசனக் கால்வாய்களுக்குள் டால்பின்கள் தவறிப் போய்விடும். ஆண்டுதோறும் ஜனவரியில் பராமரிப்புக்காகக் கால்வாயை அடைக்கும்போது, வற்றும் குட்டைகளில் அவை சிக்கிக்கொள்ளும். 1992 முதல் வனவிலங்குத் துறையும் உலக இயற்கை நிதியமும் உள்ளூர் மீனவர்களும் சேர்ந்து அவற்றைப் பிடித்து, ஈரத்துணி போர்த்தி, வண்டியில் ஏற்றி, ஆற்றில் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். இப்படி மீட்கப்பட்டவை நூற்றுக்கும் மேல்.

சிந்து நதியின் நீரும் குறைந்துகொண்டுதான் வருகிறது, மாசும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றில் டால்பின் இன்னும் இருக்கிறது.

மேகோங்: நடுவில் நிற்கும் ஆறு

மூன்றாவது ஆறுதான் மேகோங். கம்போடியாவின் கிராத்தி நகரிலிருந்து லாவோஸ் எல்லையில் உள்ள கோன் அருவி வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டர். மேகோங் டால்பின்களின் உலகமே அவ்வளவுதான். கோடையில் ஆறு வற்றும்போது அங்கங்கே உள்ள ஆழ்மடுக்களில் அவை கூடி வாழும்.

கம்போடியக் கிராமத்தில் ஒரு கதை சொல்வார்கள். பொன்னாசை பிடித்த பெற்றோர் மகளை ஒரு மலைப்பாம்புக்குக் கட்டிவைக்க, வெட்கமும் வேதனையும் தாங்காத அந்தப் பெண் தலையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஆற்றில் குதித்தாளாம். அவளே டால்பின் ஆனாள், தலை உருண்டையாக இருப்பது அந்தக் கிண்ணத்தால்தான் என்பார்கள். டால்பினைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்க்கும் மக்கள் அதை வேண்டுமென்று கொல்வதில்லை. க்மெர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டது ஒரு கொடிய விதிவிலக்கு. இன்றைய சாவுகளுக்குக் காரணம் பகைமை அல்ல, கவனிக்காமல் விடப்பட்ட வலை.

1997ல் மேகோங்கில் ஏறக்குறைய 200 டால்பின்கள் இருந்தன. 2010ல் 85 என்று மதிப்பிடப்பட்டது. இடையில் வலைகளைப் பறிமுதல் செய்யும் முயற்சிகள் நடந்தன என்றாலும், 180 கிலோமீட்டர் தூரத்தைக் காப்புப் பகுதியாக்கிச் செவுள் வலையை அரசாங்கம் தடை செய்தது 2012ல்தான். ஆற்றுக் காவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். 2017ல் எண்ணிக்கை 92 ஆனது. 2020ல் 89. 2022 டிசம்பரில் சில நாள் இடைவெளியில் மூன்று டால்பின்கள் செத்தன. நாடே பேசியது. 2023 தொடக்கத்தில் புதிய பாதுகாப்பு ஆணை வந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 105 என்ற எண் கிடைத்தது.

105 என்பது எவ்வளவு? ஒரு கல்யாண விருந்தில் பத்து மேசை போட்டால் உட்காரும் கூட்டம். மேகோங் டால்பின் கூட்டம் முழுவதுமே அவ்வளவுதான். ஆனாலும் இறங்கிக்கொண்டே வந்த கோடு மேலே திரும்பியிருக்கிறது என்பதில் மகிழ்ச்சி அடையலாம்.

ஏழை மீனவர் மட்டும்தான் குற்றவாளியா?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. இரவில் திருட்டுத்தனமாக வலை போடுகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே? டால்பினுக்காக அவர் அடுப்பை அணைப்பதா?

இதற்கு ஆறே பதில் சொல்கிறது. கோடையில் டால்பின் ஒதுங்கும் அதே ஆழ்மடுக்களில்தான் மேகோங்கின் மீன்களும் ஒதுங்குகின்றன. அடுத்த மழைக்காலத்துக்கான விதைநெல் அங்கேதான் இருக்கிறது. அந்த மடுவில் வலையைக் கட்டுவதும் மின்சாரம் பாய்ச்சுவதும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்குச் சமம். மடுவைக் காத்தால் டால்பினும் பிழைக்கும், மீனவரின் அடுத்த ஆண்டுச் சோறும் பிழைக்கும். கிராத்தி அருகே காம்பி கிராமத்தில் டால்பின் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளால் படகோட்டிகள் வருமானம் பெறுகிறார்கள். ஆனால் எல்லாக் கிராமத்துக்கும் சுற்றுப்பயணி வரமாட்டார். வலையை எடு என்று சொல்லும் அரசாங்கம் மாற்றுத் தொழிலுக்கும் வழி காட்டினால்தான் தடை நிலைக்கும். யாங்சி காட்டியதும் அதுவே.

குற்றத்தை வலை மீது மட்டும் போட்டுவிட்டுப் போகவும் முடியாது. அந்த எல்லை மடுவுக்குச் சற்று மேலே லாவோசில் டோன் சாஹோங் நீர்மின் அணை 2020 முதல் இயங்குகிறது. அதைக் கட்டி நடத்துவது மலேசியாவின் மெகா ஃபர்ஸ்ட் நிறுவனம், லாவோஸ் மின்சார நிறுவனத்தின் பங்குடன். கட்டும் முன்பே சுற்றுச்சூழல் அமைப்புகள் டால்பினையும் மீன்களின் பயணத்தையும் சுட்டிக்காட்டி எச்சரித்தன. மீன் போய்வர அருகிலுள்ள கால்வாய்களைச் சீர்செய்ததாக நிறுவனம் கூறியது. கடைசி டால்பினைக் கொன்றது வலைதான், அந்தக் கூட்டம் தேயத் தொடங்கியதும் அணைக்கு முன்பேதான். ஆயினும் ஏழையின் வலையைப் பற்றிப் பேசும் வாய், பணம் படைத்தவரின் அணையைப் பற்றியும் பேச வேண்டும். அந்த ஆற்றுக்கும் மலேசியர்களுக்கும் தொடர்பே இல்லை என்று இனி சொல்வதற்கில்லை.

தண்ணீரே கொதித்தால்?

வலையும் அணையும் இல்லாத இடத்தில்கூட ஆபத்து வருகிறது. 2023 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அமேசான் கடும் வறட்சியில் தவித்தது. பிரேசிலின் தெஃபே ஏரியில் நீரின் வெப்பம் 39 பாகை செல்சியசைத் தாண்டியது. குளிக்கும் வெந்நீரின் சூடு அது. சில வாரங்களில் 200க்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன. அதே அக்டோபரில் கொலம்பியாவின் பொகோத்தா நகரில் ஆசியாவையும் தென்னமெரிக்காவையும் சேர்ந்த 11 நாடுகள் ஆற்று டால்பின்களைக் காக்கும் உடன்பாட்டுக்கு வந்தன. 1980களிலிருந்து உலகின் ஆற்று டால்பின்கள் 73 விழுக்காடு குறைந்துவிட்டதாக உலக இயற்கை நிதியம் அப்போது தெரிவித்தது.

அருகில் இருப்பவை

மலேசியாவில் மேகோங் போன்ற நன்னீர்க் கூட்டம் இல்லை. ஆனால் அதே ஐராவதி டால்பின் கூச்சிங் வளைகுடாவில், சந்துபோங், பாக்கோ பகுதிகளில் வாழ்கிறது. தைப்பிங்கிற்கு அருகே மாத்தாங் சதுப்புநிலக் கடலோரத்திலும் உண்டு. சரவாக்கில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்பு பெற்ற பிராணி. மேகோங்கில் கொல்லும் அதே வகை வலை இந்தக் கழிமுகங்களிலும் விரிக்கப்படுகிறது. தைப்பிங்கில் பல முறை விடுமுறையைக் கழித்த குடும்பங்களுக்குக்கூட பக்கத்திலேயே டால்பின் இருப்பது தெரிவதில்லை. இருப்பதே தெரியாத ஒன்று இல்லாமல் போனால் யார் கேட்பார்கள்? பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்ட வேண்டும், பிறகு அதன் ஆபத்தைச் சொல்ல வேண்டும்.

மூன்று ஆறுகளையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். சிந்துவில் சுமார் 150 என்று தெரிந்ததும் சில ஆண்டுகளுக்குள் காப்பகம் வந்தது. மேகோங்கில் 200 என்று தெரிந்த பிறகு முழுத் தடைக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. யாங்சியில் 13 என்று தெரிந்த பிறகும் ஆறு அப்படியே விடப்பட்டது. கணக்குத் தெரிந்த நாளுக்கும் வலையை எடுத்த நாளுக்கும் இடையில் எத்தனை ஆண்டு கழிகிறது என்பதுதான் ஓர் இனத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மேகோங்கில் இன்று அந்தக் கணக்கு கையில் இருக்கிறது. மகாகம் ஆற்றில் நூற்றுக்கும் குறைவு என்பதும் தெரியும். ஐராவதி ஆற்றிலும் அப்படியே. இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. தாமதித்தோம் என்று மட்டுமே சொல்ல முடியும். அந்தச் சொல்லைச் சொல்லும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது அரசாங்கங்களின் கடமை, நிறுவனங்களின் கடமை, கேட்கும் மக்களின் கடமையும்கூட.